வெட்டிப் போட்ட இடுப்புப் பட்டை

அந்தப் பட்டையை வெட்டச் சொன்னது நான்தான். தையல்காரர் மேல் பழியைப் போட எனக்கு மனசு வராது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் பை, குடை, ஜிப் எல்லாம் சரிசெய்து கொடுக்கிற சின்னக் கடை அவருடையது. மகன் கல்லூரியில் படித்தபோது மலைக்குப் போக வாங்கிய பை ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்து அவரிடம் கொண்டுபோனேன். பையின் அடியில் இரண்டு பக்கமும் கையகலத்துக்குப் பஞ்சு வைத்த பட்டை தொங்கியது. அதை முன்னால் கொண்டுவந்து வயிற்றுக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். சுடிதாருக்கு மேல் வயிற்றைச் சுற்றி பெல்ட் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. ஐம்பத்து நான்கு வயதில் நானே முதல் ஆளாக இருக்க எனக்கு விருப்பமும் இல்லை.

"இது என்னத்துக்கு அண்ணாச்சி, சும்மா தொங்கிக்கிட்டு? எடுத்துருங்க" என்றேன்.

அவர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமான்லா. வீணாக்கவா? இத ரெண்டு கைப்பிடியா தச்சுத் தாரேன். இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் பிடிச்சுக்கிடலாம்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சாயங்காலமே தைத்துக் கொடுத்துவிட்டார். பஞ்சு வைத்த கைப்பிடி, பிடிக்க மெத்தென்று இருந்தது.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கூடவே வேலை பார்க்கிற அறிவியல் டீச்சர் சொல்லித்தான் அந்த நடைக் குழுவில் சேர்ந்தேன். பதினோரு பெண்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு தாமிரபரணிக் கரையோரமாக நடப்போம். பாபநாசத்தில் தொடங்கி, இந்த மாதம் எங்கே விட்டோமோ அடுத்த மாதம் அங்கிருந்து. என்றைக்காவது ஒருநாள் கொற்கையைத் தாண்டிக் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். சனிக்கிழமை இரவு ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கல். குழுவை நடத்துகிறவள் மேலப்பாளையத்துக்காரி. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண், என்னைவிட இருபது வயது இளையவள். அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: அவரவர் பை அவரவர் தோளில். ஒரு தடவை முடியாமல் போனால் மற்றவர்கள் தூக்குவார்கள். இரண்டாம் தடவையும் முடியாவிட்டால் அத்தோடு நின்றுகொள்ள வேண்டும். ஒருத்தி இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு வந்த சட்டம் அது.

முதல் நடையில் அம்பாசமுத்திரம் வரைக்கும் ஒருவழியாக வந்துவிட்டேன். அதற்கப்புறம் தோள் இரண்டும் அறுந்து விழுகிற மாதிரி இருந்தது. பை நடைக்கு நடை பின்னால் இழுத்தது. இடது கை விரல்கள் மரத்துப்போய், தண்ணீர் பாட்டிலைத் திறக்கக்கூட முடியவில்லை. கல்லிடைக்குறிச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தின் ஓரம், வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை.

குழுத் தலைவி வந்து பையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் தையல் போட்ட இடத்தைத் தடவினாள். "டீச்சர், இங்கன ஒரு பெல்ட் இருந்திருக்கணுமே?"

நான் கைப்பிடிகளைக் காட்டினேன்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தன் பையின் பட்டையைக் காட்டினாள். நீளமான அங்கிக்கு மேல் இறுக்கிக் கட்டியிருந்தாள். "பாரம் முழுக்க இடுப்பெலும்புலதான் உக்காரணும் டீச்சர். தோள் வார் பை சரியாம பிடிக்கதுக்கு மட்டும்தான். நீங்க வெட்டிப் போட்டீங்கள்லா, அதுதான் பை. மீதி வெறும் சாக்கு."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும். அவளும் அறிவியல் டீச்சரும் ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிடித்து, கல்யாண வீட்டு அண்டாவைத் தூக்குகிற மாதிரி என் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் வெறுங்கையோடு பின்னால் போனேன். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, "எந்த வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார். தையல்காரர் கைப்பிடியை அவ்வளவு நன்றாகத் தைத்திருந்தார். ஒரு நூல்கூட விடவில்லை.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வீடு வந்து சேர்ந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். தோளில் தைலம் தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே, "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"ஒனக்கு இதெல்லாம் பழக்கமில்லன்னு. அடுத்த தடவ நான் ஸ்கூட்டர்ல ரோட்டு வழியா வாரேன். பைய நான் கொண்டு வாரேன். நீ கைவீசிக்கிட்டு நட."

வலித்த தோளைவிட அந்தப் பேச்சு அதிகமாக வலித்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். இந்த இருபத்தெட்டு வருஷத்தில் நான் எந்தப் பயணத்திலும் என் பையை நானே தூக்கியதில்லை. பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, எங்கள் சபையின் கன்வென்ஷன் கூட்டம், பிரசவ ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் அவர்தான் தூக்குவார். சில நேரம் என் கைப்பையைக்கூட வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொள்வார். கூடவேலை பார்க்கிற டீச்சர்மார் எல்லாம் பொறாமைப்படுவார்கள். நானும் பெருமையாகத்தான் இருந்தேன், பொய் சொல்லக் கூடாது.

ஆனால் தூக்குகிறவர்தான் பையில் என்ன இருக்கலாம் என்று முடிவு செய்வார். கல்யாணமான புதிதில் கொடைக்கானலுக்குக் கிளம்பியபோது நான் இரண்டு புத்தகம் எடுத்து வைத்திருந்தேன். அவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திறந்து, இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார். "அங்கன போயி வாசிக்கவா போற?" நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். அதிலிருந்து எந்தப் பயணத்திலும் புத்தகம் போனதில்லை. பிளாஸ்க் போனதில்லை, வழியில் காபி கிடைக்காதா என்பார். எனக்குப் பிடித்த கனத்த போர்வை போனதில்லை. அவர் சொன்னதெல்லாம் நியாயம்தான். சுமக்கிறவருக்குத்தானே கனம் தெரியும். நான் கனத்தையே தெரிந்துகொள்ளாமல் கிழவியாகிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை. அவர் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய.

இன்னொரு வாய்ப்புதான் இருந்தது. அதில் என் பையை நானே கடைசிவரை சுமந்தால் குழுவில் இருப்பேன். இல்லையென்றால் மறுபடியும் கைவீசி நடக்கிற அம்மாவாக வீட்டுக்கு வர வேண்டியதுதான். நான் வர மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

பை வாங்குவதைக் கணக்குப் பாடம் மாதிரி எடுத்துக்கொண்டேன். குழுத் தலைவி போனில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பையை முதுகின் நீளத்துக்குத்தான் வாங்க வேண்டும், ஆளின் உயரத்துக்கு அல்ல. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அதிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரைக்கும் அளக்க வேண்டும். டேப்பை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே அளந்தார். பதினைந்தரை அங்குலம். மகனுக்கு இருபது இருக்கும். அந்தப் பையை இந்த முதுகில் மாட்டியது இன்னொரு தப்பு. அப்புறம் பையின் கொள்ளளவு. இரண்டு நாள் நடைக்கு முப்பத்தைந்து லிட்டர் போதும் என்றாள். பையை லிட்டரில் அளப்பார்கள் என்பது எனக்கே புதிது.

"லிட்டரா? பாலா வாங்கப் போற?" என்றார் வீட்டுக்காரர்.

கொண்டுபோக வேண்டியதை எல்லாம் சமையல் தராசில் நிறுத்தேன். மாற்றுத் துணி, போர்வை, டார்ச், மருந்து, அவல், தண்ணீர் இரண்டு லிட்டர். அறுநூறு கிராமுக்கு ஒரு தடித்த நாவல். ஒரு பிளாஸ்க். மொத்தம் ஏழு கிலோ. உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். அந்தக் கணக்கில் என் பை சரியாக விளிம்பில் நின்றது.

சனிக்கிழமை காலை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பை கடைக்குப் போனோம். ஒவ்வொரு கிலோவாக ஏழு அரிசிப் பொட்டலங்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுபோனேன். கடைக்காரர் திசையன்விளைப் பக்கத்துக்காரர். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் வாங்குகிற பெட்டிகள் வாசல் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பள்ளிக்கூடப் பைகள் ஒரு சுவர் முழுக்க. மலைக்குப் போகிறவர்களுக்கான பைகள் நாலைந்து மட்டும் உச்சியில், உள்ளே பழைய பேப்பரைத் திணித்துக்கொண்டு விறைப்பாகத் தொங்கின.

"என்ன அண்ணாச்சி, மலைக்கா?" என்று அவர் என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"ஆத்தோரமா நடக்கதுக்கு. ரெண்டு நாள். எனக்கு" என்றேன் நான்.

"எத்தன லிட்டர் பாக்கிய அண்ணாச்சி?" என்று மறுபடியும் அவரையே கேட்டார்.

"முப்பத்தஞ்சு" என்றேன் நான்.

மூன்று பைகளை இறக்கினார்கள். நான் பேப்பரை உருவி வெளியே போட்டுவிட்டு அரிசிப் பொட்டலங்களை எடுத்து உள்ளே அடுக்கத் தொடங்கினேன். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். "பை வாங்க வந்தியளா, அரிசி விக்க வந்தியளா?"

"பேப்பரத் தூக்கிக்கிட்டா நடக்கப் போறேன்? பாரத்தோட பாத்தாத்தான தெரியும்."

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கவலையில்லை. முப்பது வருஷம் பின்பெஞ்சுச் சிரிப்பைப் பார்த்தவள் நான்.

முதல் பை ரோஸ் நிறம். "லேடீஸ் பை, நல்லா போகுது" என்றார். இடுப்புப் பட்டை என்று அதில் இருந்தது பாவாடை நாடாக் கனம்தான். மாட்டிக்கொண்டு, மேலே அவருடைய குடோனுக்குப் போகிற படியில் ஏறி இறங்கினேன். இரண்டாம் தடவை இறங்கும்போதே நாடா வயிற்றை அறுத்தது. கழற்றி வைத்தேன். இரண்டாவது அறுபது லிட்டர். "பெரிசா எடுத்தா நாளைக்கு உதவும்லா" என்றார். பெரிய பை எடுத்தால் பெரிய பை நிறையத்தான் சாமான் சேரும். என் அலமாரிகளே அதற்குச் சாட்சி. மாட்டியதும் பையின் மூடி என் கொண்டையில் இடித்துத் தலையைக் குனிய வைத்தது. தலைமையாசிரியை முன்னால் நிற்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டே படியேறினேன். அதையும் கழற்றினேன்.

அதற்குள் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பெட்டிகள் பக்கம் போய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். "ஏளா, சக்கரம் வச்சது இருக்கு பாரு. தோள்ல வலியே இருக்காது."

"ஆத்து மணல்ல உருட்டவா?"

சக்கரப் பெட்டியை அப்படியே திருப்பி உருட்டிக்கொண்டு போனார்.

மூன்றாவது பை களிமண் நிறம். பார்க்க ஒன்றுமில்லை. முதுகுப் பலகையைக் கழற்றி மேலும் கீழும் நகர்த்தி ஒட்டிக்கொள்ளலாம், பதினைந்தரைக்கு வந்தது. பட்டை கையகலம், உள்ளே கெட்டியான பஞ்சு. முதலில் பட்டையை இடுப்பெலும்பின் மேல் வைத்துக் கிளிப்பை மாட்டி இறுக்கினேன். அப்புறம் தோள் வாரை இழுத்தேன். நெஞ்சுக்குக் குறுக்கே இருக்கிற சின்னக் கிளிப்பை மாட்டப் போனபோது துப்பட்டா சிக்கிக்கொண்டது. விடுவித்தேன், மறுபடியும் சிக்கியது. மூன்றாம் தடவை துப்பட்டாவை உருவி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் அதை வாங்கிக்கொண்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

கிளிப் மாட்டியது. ஒரு அடி எடுத்து வைத்தேன். ஏழு கிலோவும் தோளிலிருந்து இறங்கி இடுப்பில் உட்கார்ந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த நாட்கள் ஞாபகம் வந்தன. அன்றைக்கும் பாரம் இங்கேதான் இருந்தது, யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்துத் தடவை படியேறி இறங்கினேன். மூச்சு வாங்கியது, தோள் வலிக்கவில்லை. கடை நடுவில் நின்று எனக்குச் சத்தமாகச் சிரிக்கத் தோன்றியது. சிரித்தும் விட்டேன்.

"இதுதான்" என்றேன்.

வீட்டுக்காரர் கடைக்காரர் பக்கம் சாய்ந்து, மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் எனக்குக் கேட்டது. "அண்ணாச்சி, அந்தப் பெல்ட்ட மட்டும் எடுத்துட்டுத் தருவியளா? பாக்க ஒரு மாதிரியா இருக்கு."

"அந்த பெல்ட்டுதான் பை!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மீதி வெறும் சாக்கு. சாக்குதான் வேணும்னா நம்ம வீட்டுலயே கெடக்கு. யாருக்கு ஒரு மாதிரியா இருக்கோ அவுக ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கட்டும்."

கடைக்காரர் பில் போடும்போது வீட்டுக்காரரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். "அம்மா, மழைக்கு மேல போடுத உறை அடியில சின்னப் பைக்குள்ள இருக்கு. பாத்துக்கிடுங்க."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் வழக்கம்போல் கையை நீட்டினார். நான் அரிசியோடு சேர்த்துப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அடுத்த நடைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையை அடுக்கினேன். போர்வை அடியில், கனமான சாமான் முதுகை ஒட்டி நடுவில், மருந்து மேலே. அவர் அறைக்குள் வந்தார். பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். ஜிப்பைத் திறந்தார். நாவலை எடுத்து மேசையில் வைத்தார். இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம், யோசித்துச் செய்தது என்றுகூடச் சொல்ல முடியாது.

நான் நாவலை எடுத்து மறுபடியும் உள்ளே வைத்தேன்.

"இத்தன கனத்துல இது என்னத்துக்கு? அங்கன போயி வாசிக்கவா போற?"

"நீங்களா தூக்குதிய?" என்றேன்.

ஜிப்பை அவரே இழுத்து மூடிவிட்டு முன்னறைக்குப் போய் டிவியைப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உன்னை எங்கே என்று கேட்டால் என்ன சொல்ல என்று அங்கிருந்தே கேட்டார். போன மாதமே சபையில் பேச்சு வந்துவிட்டது: டீச்சரம்மா கோயிலை விட்டுவிட்டு ஆற்றோரம் திரிகிறாள் என்று. "நடக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க. ஆண்டவரும் நிறைய நடந்தவர்தான்" என்றேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

சனிக்கிழமை, போன மாதம் நடையை முடித்த சேரன்மகாதேவிக்குப் போகிற பஸ்ஸில் இடமில்லை. உட்கார்ந்திருந்த ஒரு அம்மா நம் ஊர் வழக்கப்படி கேட்காமலே பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எம்மா, உள்ள அம்மிக்கல்லா வச்சிருக்கிய?" என்றாள். கொடுத்தது தப்பா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். தப்பில்லை. நானும் எத்தனையோ பேர் பையை மடியில் வைத்திருக்கிறேன். அது உட்கார்ந்தவர் நிற்பவருக்குச் செய்வது, இடம் மாறினால் முறையும் மாறும். இறங்கும்போது வாங்கி மாட்டிக்கொண்டேன்.

ஊருக்கு வெளியே ஒரு டீக்கடை. பெஞ்சில் ஏழெட்டு ஆண்கள். பதினோரு பெண்கள் முதுகில் பையோடு வருவதைப் பார்த்ததும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்துவிட்டார். எல்லோர் கண்ணும் என் வயிற்றுப் பட்டையில் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. கடையில் அவ்வளவு சத்தம் போட்ட நான், அங்கே என்ன செய்தேன் தெரியுமா? கிளிப்பைத் தளர்த்திப் பட்டையைக் கீழே தொங்கவிட்டேன். பையில் மடித்து வைத்திருந்த துப்பட்டாவை எடுத்து மேலே போட்டுக்கொண்டேன். அப்படியே நடந்தேன்.

இரண்டு மணி நேரத்தில் பழைய வலி வந்துவிட்டது. மாசி வெயில், மணல், அப்புறம் வரப்பு, அப்புறம் மறுபடியும் மணல். கோபாலசமுத்திரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இடது கை விரல் மரத்தது. நான் கடைசி ஆளாக வந்துகொண்டிருந்தேன். குழுத் தலைவி நின்று திரும்பி வந்தாள். பட்டை தொங்குவதைப் பார்த்தாள்.

"டீச்சர், கொஞ்ச தூரம் நான் வாங்கிக்கிடவா?"

அவள் அன்பாகத்தான் கேட்டாள். அவளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் கைப்பிடி வைத்த பையை நினைத்தேன், சைக்கிள்காரரை நினைத்தேன், மேசைமேல் வைக்கப்பட்ட இரண்டு புத்தகங்களை நினைத்தேன். அழுகை வந்தது, ஆத்திர அழுகை.

"வேண்டாம்மா. ரெண்டே நிமிஷம் குடு."

பையை இறக்கி, துப்பட்டாவைச் சுருட்டி உள்ளே திணித்தேன். பையை ஒரு முழங்காலில் தூக்கி வைத்து மாட்டினேன். பட்டையை எலும்புக்கு மேல் கொண்டுவந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, முடிந்தமட்டும் இறுக்கினேன். கிளிப் டக்கென்று விழுந்தது. நடந்தேன். கொஞ்ச தூரத்தில் விரல்களுக்கு உயிர் வந்தது.

அடுத்த டீக்கடையில் ஒரு பெரியவர் வாய்விட்டே கேட்டார். "என்னம்மா, பெல்ட்டெல்லாம் போட்டிருக்கிய, பட்டாளமா?"

"கணக்கு டீச்சர். ஏழு கிலோ இருக்கு, தூக்கிப் பாக்கியளா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு மூட்டு வலிம்மா" என்றார். நான் பட்டையைக் கழற்றாமலே நின்று டீ குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கொக்கிரகுளம் ஆற்றுப் பாலத்தின் அடியில் கரையேறினோம். நாவலில் ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை. மண்டபத்தில் படுத்ததும் தூங்கிவிட்டேன். ஆனால் அறுநூறு கிராமையும் சேரன்மகாதேவியிலிருந்து பாலம் வரை நான்தான் சுமந்தேன். குழுத் தலைவி என் முதுகைத் தட்டி, "அடுத்த மாசம் இங்கேர்ந்து ஆரம்பிக்கோம் டீச்சர்" என்றாள். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பாலத்து முனையில் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு நின்றார். ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. எங்கள் சபைக்காரத் தம்பதி ஒன்று கடந்து போனது. அந்த அம்மா என் வயிற்றுப் பட்டையைப் பார்த்தாள், துப்பட்டா இல்லாததைப் பார்த்தாள், எதிர்ப்பட்டால் சொல்கிற தோத்திரத்தைச் சொல்ல மறந்துவிட்டாள். நான் சொன்னேன், சத்தமாக.

வீட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். "குடு, குடு. ரொம்பக் களைச்சிருக்க."

"வண்டிய வீட்டுக்குக் கொண்டு போங்க. நான் நடந்து வாரேன்."

"இன்னுமா?"

"இன்னும் கொஞ்சம் பலம் இருக்கு."

அவர் என்னையும் ஸ்கூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வண்டியை ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டு என்கூட நடக்க ஆரம்பித்தார். பாளையங்கோட்டைக்கு இருபது நிமிஷ நடை. நீட்டிய கைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் கட்டிப் பார்த்தார், பேன்ட் பையில் விட்டுப் பார்த்தார், கடைசியில் இரண்டு பக்கமும் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் என் பக்கத்தில் அவர் வெறுங்கையோடு நடப்பது இதுதான் முதல் தடவை. பாவமாகத்தான் இருந்தது. நான் பையைக் கொடுக்கவில்லை. பழகட்டும்.